தருவது அரசின் கடன். தேர்வது அவர்தம் உரிமை

ஒருவர்க்கு உதவி செய்வது நற்செயல் என்பதில் எவர்க்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், அவ்வுதவி எத்தகையதாக இருத்தல் வேண்டும், எப்பொழுது வருதல் வேண்டும், யார் கையால் வருதல் வேண்டும், அதனைக் கொண்டு எதைச் செய்துகொள்ள வேண்டும் என்பனவற்றை முடிவு செய்பவர் யார்? கொடுப்பவரா, பெறுபவரா? இவ்வினாவை நாம் அடிக்கடி எழுப்பிக் கொள்வதில்லை. கொடுப்பவர் கை மேலே இருப்பதனால் முடிவும் அவரிடமே இருத்தல் இயல்பு என்று எண்ணிப் பழகிவிட்டோம். மாற்றுத்திறனாளிகளின் வாழ்வில் இப்பழக்கம் விளைத்த தீங்கு சிறிதன்று. பொதுப்பணத்தைக் கொண்டு நடைபெறும் உதவிகள் அனைத்திலும் உதவி பெறுபவரின் விருப்பமே முதலிடம் பெறல் வேண்டும் என்பதே நாம் இக்கட்டுரையின் வாயிலாக முன்வைக்கும் கருத்தாகும்.

பெயர் மாற்றமும் நிலை மாற்றமும்

'ஊனமுற்றோர்' என்று வழங்கி வந்த சொல்லை விலக்கி, கலைஞர் மு. கருணாநிதி முதலமைச்சராக விளங்கிய 2006–2011 ஆட்சிக் காலத்தில் 'மாற்றுத்திறனாளிகள்' என்ற சொல் அரசு வழக்கில் இடம்பெற்றது. மொழி பயில்வோராகிய நமக்கு இம்மாற்றத்தின் பெருமை நன்கு விளங்கும். உடற்குறையைப் பழிப்பாகவும் நகையாகவும் வழங்கும் தொடர்கள் நம் பேச்சிலும் பழமொழிகளிலும் எத்துணை மலிந்து கிடக்கின்றன என்பதை அறிந்தவர்கள் நாம். சொல் மாறினால் எண்ணம் மாறத் தொடங்கும். ஆயின், சொல் மட்டும் மாறி, அச்சொல்லுக்குரிய மனிதரை நடத்தும் முறை மாறாது நின்றுவிடுமாயின், அது பழைய கட்டடத்திற்குப் புதுச் சுண்ணாம்பு பூசியதற்கு ஒப்பாகும்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடிப் பேர் ஏதேனும் ஒரு குறைபாட்டுடன் வாழ்கின்றனர். தமிழ்நாட்டில் மட்டும் அவர்கள் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். அக்கணக்கெடுப்பு 8 வகைக் குறைபாடுகளையே கணக்கில் கொண்டது. பின்னர் வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டமோ 21 வகைகளை ஏற்றுக்கொண்டது. எனவே உண்மைத் தொகை இதனினும் மிகுதி என்பது வெள்ளிடை மலை. இத்தனை லட்சம் மனிதர்களின் வாழ்க்கையைப் பற்றிய முடிவுகளை அவர்கள் வாயால் கேளாமலே எடுத்துவிட முடியும் என்று ஒரு சமுதாயம் கருதுமாயின், அதனை முன்னேறிய சமுதாயம் என்று கூறுதல் பொருந்துமா?

சட்டம் கூறுவது

நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கென முழுமையான முதற்சட்டம் 1995ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. சமவாய்ப்பு, இட ஒதுக்கீடு, கல்வி ஆகியவற்றை அது பேசியது. எனினும் 'இவர்களுக்கு நாம் என்ன செய்து தரலாம்?' என்ற நோக்கே அதில் மேலோங்கி நின்றது. 2006ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற உடன்படிக்கை அந்நோக்கினைப் புரட்டிப் போட்டது. அதன் 12ஆம் உறுப்பு, மாற்றுத்திறனாளிகள் பிறரைப் போன்றே சட்டத்தின் முன் முடிவெடுக்கும் தகுதி உடையவர்கள் என்கிறது. 19ஆம் உறுப்போ, எங்கே, யாருடன் வாழ்வது என்பதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு என்கிறது. இந்தியா இவ்வுடன்படிக்கையை 2007 அக்டோபர் 1ஆம் நாள் உறுதி செய்தது.

அதன் பயனாகவே 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பிறந்து, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. 'நலம்' என்ற சொல்லின் இடத்தில் 'உரிமை' என்ற சொல் அமர்ந்தது. அச்சட்டத்தின் 5ஆம் பிரிவு, எவரையும் குறிப்பிட்ட ஓர் இல்லத்திலேயே வாழுமாறு கட்டாயப்படுத்தலாகாது என்றும், வீட்டிலேயே கிடைக்கும் உதவியும் தனி உதவியாளரின் துணையும் அவர்களை எட்டுமாறு அரசு முயல வேண்டும் என்றும் கூறுகிறது. 13ஆம் பிரிவு சொத்து வைத்திருத்தல், வங்கிக் கடன் பெறுதல் முதலியவற்றில் சம உரிமையை நிலைநாட்டுகிறது. 14ஆம் பிரிவு காப்பாளர் முறைக்கு ஓர் எல்லை வகுத்து, காப்பாளரும் உரியவரும் கலந்து பேசி, ஒருவரையொருவர் நம்பி முடிவெடுக்கும் முறையை வேண்டுகிறது. 24ஆம் பிரிவு, சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் பிறர்க்குக் கிடைக்கும் தொகையினும் குறைந்தது 25 விழுக்காடு மிகுதியாக மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கப்படல் வேண்டும் என்கிறது.

ஏட்டில் இத்துணை சிறப்பாக எழுதப்பட்ட உரிமை, வீட்டு வாயிலில் எவ்வாறு வந்து நிற்கிறது என்பதை இனிக் காண்போம்.

வல்லக்கோட்டையில் ஓர் இளைஞர்

முருகன் கோயிலால் பெயர்பெற்ற வல்லக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயிலுக்குச் செல்லும் சாலையில் அமைந்த ஊர். ஏரியும் நெல்வயலுமாக இருந்த இப்பகுதி, ஒரு தலைமுறைக் காலத்திற்குள் நாட்டின் பெருந்தொழில் வட்டாரங்களுள் ஒன்றாகிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு ஹூண்டாய்க் கார்கள் உருவாகத் தொடங்கின. 2006இல் நோக்கியா ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து, 2014இல் கதவடைத்துச் சென்றது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை இயங்கத் தொடங்கியது. வல்லம் வடகாலில் யமஹாவும் ராயல் என்பீல்டும் வந்தன. வேற்று மாவட்டங்களிலிருந்தும் வேற்று மாநிலங்களிலிருந்தும் இளைஞர் இங்கு வந்து குவிகின்றனர்.

இவ்வூரில் கால்கள் செயலிழந்த இளைஞர் ஒருவர் வாழ்வதாக எண்ணிக்கொள்வோம். அவர் கற்பனை மனிதரே. ஆயினும் அவர் போன்றோரை நாம் ஒவ்வொருவரும் நம் தெருவில் அறிவோம். பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய அவர் கல்லூரியில் சேர விழைகிறார். பின்னர் அருகிலுள்ள ஆலையொன்றின் கணக்குப் பிரிவில் பணியாற்ற வேண்டும் என்பது அவர் கனவு. அதற்கு அவருக்குத் தேவையானவை மூன்று: உடலுக்குப் பொருந்திய ஒரு சக்கர நாற்காலி, அதனோடு ஏறக்கூடிய ஒரு பேருந்து, காலையிலும் மாலையிலும் ஒரு மணி நேரம் துணைநிற்க ஓர் உதவியாளர்.

அவருக்குக் கிடைப்பவை யாவை? முகாம் ஒன்றில் எல்லார்க்கும் ஒரே அளவில் வரும் நாற்காலி கிடைக்கலாம். தையல் இயந்திரம் கிடைக்கலாம். பேருந்தில் கட்டணமின்றிச் செல்லும் அட்டையும் கிடைக்கலாம். ஆனால் அப்பேருந்தின் படியோ அவர் மார்பளவு உயரத்தில் நிற்கும். ஏற இயலாத பேருந்துக்கு இலவச அட்டை எதற்கு? தைக்க விரும்பாதவர்க்குத் தையல் இயந்திரம் எதற்கு? இவற்றுள் எதுவும் தீய நோக்குடன் தரப்படுவதன்று. தருகின்றவர்கள் நல்லவர்களே. 'உமக்கு என்ன வேண்டும்?' என்ற ஒரு வினா மட்டும் இடையில் விடுபட்டுப் போயிற்று. அவ்வினா விடுபட்டதனால் அரசின் பணமும் வீணாகிறது. அவ்விளைஞரின் ஆண்டுகளும் வீணாகின்றன.

இஃது இயலாத செயலும் அன்று. பயன்படுத்துபவரின் உடலளவுக்கும் தேவைக்கும் ஏற்ப அமைத்துத் தரும் சக்கர நாற்காலியையும், அதனைச் சாலையில் செல்லும் வண்டியாக்கும் மின்விசை இணைப்பையும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2021இல் நாட்டுக்கு அறிமுகம் செய்தது. மாற்றுத்திறனாளி உரிமை ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தில் வழக்காடியதன் பின், 2024இல் சென்னையின் சாலைகளில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அறிவியல் இருக்கிறது. சட்டமும் இருக்கிறது. இவை சென்னையைத் தாண்டி வல்லக்கோட்டை நிறுத்தம் வரையிலும் வந்து சேர்வதே இனி வேண்டுவது.

ஆலைகளும் இதில் பொறுப்பற்றவை அல்ல. அரசுப் பணியில் 4 விழுக்காடு ஒதுக்கீட்டை வகுத்த சட்டம், தனியாரைக் கட்டாயப்படுத்தவில்லை. எனினும் பணியாளருள் குறைந்தது 5 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகளாக அமையும் வண்ணம் அரசு ஊக்கம் அளிக்க வேண்டும் என்கிறது. தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தில் மாற்றுத்திறனாளிப் பணியாளர்க்காக முதலாளி செலுத்த வேண்டிய பங்கை நடுவணரசே பத்தாண்டுகளுக்கு ஏற்கும் ஏற்பாடும் உண்டு. நிலமும் நீரும் சாலையும் சலுகையும் இவ்வட்டாரத்திலிருந்து பெற்ற ஆலைகள், இவ்வட்டாரத்து மாற்றுத்திறனாளிக்கு வாயிலில் ஒரு சாய்தளம் அமைத்துத் தருதல் பெரிய செயலா?

தன்னுரிமை என்பது தனிமை அன்று

'தம் வாழ்வைத் தாமே முடிவு செய்தல்' என்று கூறும்பொழுது, சிலர் அதனைத் தவறாக விளங்கிக்கொள்கின்றனர். பிறர் துணையின்றித் தாமே எல்லாம் செய்துகொள்பவருக்குத்தான் தன்னுரிமை பொருந்தும் என்பது அவர் எண்ணம். நம் இலக்கிய வரலாறே இதற்கு விடை தருகிறது. காஞ்சியின் ஏகாம்பரநாதர் உலாவைப் பாடிய இரட்டைப் புலவர்களை நாம் அறிவோம். ஒருவர்க்கு விழி இல்லை. மற்றவர்க்கு நடை இல்லை. விழியில்லாதவர் தோளில் நடையில்லாதவர் அமர்ந்து வழி கூற, இருவரும் ஊர் ஊராகச் சென்றனர் என்பது மரபு. வெண்பாவின் முற்பகுதியை ஒருவர் தொடங்க, பிற்பகுதியை மற்றவர் முடிப்பார் என்பர்.

இவருள் யார் யாரைச் சார்ந்து வாழ்ந்தார்? இருவரும் ஒருவரையொருவர் சார்ந்தனர். ஆயினும் எவரும் எவர்க்கும் அடிமை ஆகவில்லை. எந்த ஊருக்குச் செல்வது, எந்தக் கோயிலைப் பாடுவது, எந்த வள்ளலை நாடுவது என்பவை அவர்கள் தாமே தேர்ந்த தேர்வுகள். துணை இருந்தது, அத்துணை அவர்கள் செல்ல விரும்பிய இடத்திற்கு அவர்களைக் கொண்டு சென்றது. இன்றைய சட்டம் 'துணையோடு முடிவெடுத்தல்' என்று கூறுவதும் இதுவே. உண்மையில், துணையின்றி வாழ்பவர் உலகில் எவருமில்லை. அமைச்சர்க்கு உதவியாளர் உண்டு. முதலாளிக்கு ஓட்டுநர் உண்டு. அவர்களை 'சார்ந்திருப்போர்' என்று எவரும் இகழ்வதில்லை. தம் உதவியாளரைத் தாமே தேர்ந்துகொள்ளவும் வேண்டாதபோது விலக்கவும் அவர்களால் முடிகிறது. அந்த உரிமையைத்தான் மாற்றுத்திறனாளியும் கேட்கிறார்.

வள்ளுவப் பெருந்தகையும் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், பொறி இல்லாமை ஒருவர்க்குப் பழியாகாது என்றும், அறிய வேண்டியவற்றை அறிந்து முயலாமையே பழியாகும் என்றும் உணர்த்துகிறார். பொறி என்பதற்கு விதி என்று பொருள் கொண்டோரும் உளர். உறுப்பு என்று பொருள் கொண்டோரும் உளர். எப்பொருள் கொள்ளினும், முயற்சிக்கு இடந்தராது ஒருவரை மூலையில் இருத்தி வைத்துவிட்டுப் பின் அவரைப் பழிப்பது அறமாகாது என்பது தெளிவு.

ஏர்வாடி நமக்கு உணர்த்தியது

விருப்பம் கேளாத பராமரிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் மாநிலம் 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் கண்ணீரோடு கற்றுக்கொண்டது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலம் குன்றியோரை வைத்திருந்த தனியார் இல்லம் ஒன்றில் விடியற்காலையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்பி ஓட வழியின்றி உயிரிழந்தனர். மாண்டவர் 28 பேர். அவர்களை அங்கே கொண்டு சேர்த்தவர்கள் பகைவர் அல்லர், பெற்றோரும் உடன்பிறந்தாருமே. ஓடிப்போய்விடுவார்கள் என்ற அச்சத்தினால் கட்டினார்கள். 'அவர்கள் நன்மைக்காகவே' என்ற சொல்தான் அச்சங்கிலியின் முதற்கண்ணி.

உச்ச நீதிமன்றம் இதனைத் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்து, எவரையும் எவ்வகையிலும் சங்கிலியால் பிணைத்தலைத் தடை செய்தது. அதனோடு நில்லாமல், நோயுறுங்கால் தமக்கு எத்தகைய மருத்துவம் வேண்டும், எது வேண்டா, தம் சார்பில் யார் பேச வேண்டும் என்பவற்றை முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையையும் தந்தது. ஏர்வாடித் தர்காவை நாடி வருவோர்க்கு அங்கேயே அரசு மருத்துவமும் கிடைக்கும் 'தவா–துவா' ஏற்பாடும் பின்னர் அமைந்தது. தொழுகையை விட்டால்தான் மருந்து, மருந்தை விட்டால்தான் தொழுகை என்று எவரையும் நெருக்காமல், இரண்டையும் முன்வைத்து அவர் விருப்பத்திற்கு இடம் தரும் இம்முறை பாராட்டுதற்குரியது.

எழும் ஐயங்கள்

நம் கருத்தினை மறுப்போர் கூறும் காரணங்களையும் நடுநிலையுடன் ஆராய்தல் கடமையாகும்.

முதலாவது, அறிவு வளர்ச்சி குன்றியோர் எவ்வாறு முடிவெடுப்பர் என்பது. 2009ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கு ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. சண்டிகரில் அரசுக் காப்பகத்தில் வாழ்ந்த, அறிவு வளர்ச்சி குன்றிய பெண் ஒருவர் வன்கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்றார். கருவைக் கலைக்க வேண்டும் என்று ஆட்சியினர் கோர, உயர் நீதிமன்றமும் இசைந்தது. அப்பெண்ணோ தம் குழந்தையைப் பெற விரும்பினார். அவருடைய இசைவின்றி அதனைச் செய்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வளர்ச்சி குன்றியிருப்பது வேறு, விருப்பமே இல்லாதிருப்பது வேறு என்பதை இத்தீர்ப்பு தெளிவாக்கிற்று. பேச இயலாதவரும் கண்ணாலும் கையாலும் முகக்குறிப்பாலும் 'ஆம்', 'இல்லை' என்று கூறுவர். கேட்கத் தெரிந்த செவிதான் வேண்டும்.

இரண்டாவது, தேர்வுரிமை தந்தால் முறைகேடு பெருகும் என்பது. இதனைக் கல்வி நிலையத்தார் நன்கறிவர். பார்வையற்ற மாணவர்க்குத் தேர்வில் சொல்வதை எழுதுபவரைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையை நடுவணரசின் 2013, 2018ஆம் ஆண்டு நெறிமுறைகள் அளித்தன. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், எழுதுங்கால் கைப்பிடிப்பு உண்டாகும் குறைபாடு உடைய தேர்வர் ஒருவரின் வழக்கில், 40 விழுக்காட்டுக் குறைபாடு என்னும் அளவை எட்டாதவர்க்கும் தேவையிருப்பின் எழுதுபவரைத் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் 2025இல் வந்த புதிய நெறிமுறைகள், முறைகேடுகளைக் காரணமாகக் கொண்டு, தேர்வு நடத்தும் அமைப்பே எழுதுபவரைத் தரும் முறையை நோக்கித் திரும்பின. முறைகேடு ஒழிய வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், தம் உச்சரிப்புக்கும் வேகத்திற்கும் பழகாத, தாம் பயிலும் பாடத்தின் சொற்களை அறியாத ஒருவர் தேர்வு நாள் காலையில் வந்து அருகில் அமர்ந்தால், அம்மாணவரின் மூன்றாண்டு உழைப்பு என்னாகும்? தமிழிலக்கணத் தேர்வில் 'குற்றியலுகரம்' என்று சொன்னதை எழுதத் தெரியாதவர் எழுதினால் மதிப்பெண் யார்க்குக் குறையும்? தவறு செய்யும் சிலரைத் தடுக்க, செய்யாத பலரின் உரிமையைப் பறிப்பது வழியன்று. மேற்பார்வையை மிகுவித்து உரிமையைக் காப்பதே வழி.

மூன்றாவது, ஏழை நாட்டில் இதற்குப் பணம் ஏது என்பது. தமிழ்நாட்டில் வருவாய்த் துறை வழங்கும் மாற்றுத்திறனாளி உதவித்தொகை 2023 ஜனவரியில் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. அண்டை மாநிலமாகிய ஆந்திரத்தில் 2024 ஜூலை முதல் அத்தொகை 6,000 ரூபாயாயிற்று. முற்றிலும் செயலற்றோர்க்கு 15,000 ரூபாய். நடுவணரசின் திட்டத்தில் அதன் பங்கு மாதம் 300 ரூபாய் என்ற அளவிலேயே நெடுங்காலம் நின்றது. ஒரு நாளைக்கு 50 ரூபாயைக் கையில் கொடுத்து 'உன் வாழ்வை நீயே தேர்ந்துகொள்' என்பது நகைப்புக்கிடமானது. தேர்வதற்கு முன் தேர்வதற்கு ஏதேனும் இருத்தல் வேண்டும். மாற்றுத்திறனாளி இயக்கங்கள் தொகையை உயர்த்தக் கோரிப் போராடுவது பேராசையால் அன்று. அவர்கள் கேட்பது இவ்வுரிமைக்கு வேண்டிய அடிப்படையையே.

மேலை நாடுகளின் பட்டறிவும் இங்குப் பயன்படும். சுவீடன் 1994 முதல் கடுங்குறைபாடு உடையோர் தம் உதவியாளரைத் தாமே அமர்த்திக்கொள்ளும் உரிமையைச் சட்டமாக்கிற்று. பிரிட்டனில் 1996ஆம் ஆண்டுச் சட்டம், பராமரிப்புக்குரிய தொகையை உரியவர் கையிலேயே தர வழி செய்தது. ஆஸ்திரேலியா 2013இல் தேசியக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, ஒவ்வொருவர்க்கும் தனித் திட்டமும் தனி நிதியும் ஒதுக்கியது. அதன் செலவு பெருகியதும், ஊர்ப்புறங்களில் பணம் இருந்தும் பணி செய்ய ஆள் கிடைக்காமற் போனதும் அந்நாட்டினர் கண்ட இடர்கள். ஆகவே, கையில் பணம் தருதல் மட்டும் போதாது. வல்லக்கோட்டை போன்ற ஊர்களில் பயிற்சி பெற்ற உதவியாளரையும் உருவாக்குதல் வேண்டும் என்பதை அவர்கள் பட்டறிவிலிருந்து நாம் கொள்வோம்.

கொடையும் உடைமையும்

நம் சமுதாயப் பெரியோர்க்கு ஒரு சொல். ஊர்தோறும் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி வருகின்றன. ஜகாத் பற்றிய சட்ட நூல்களில் 'தம்லீக்' என்றொரு நெறி பேசப்படுவதைப் பெரியோர் அறிவர். பெறுபவரை அப்பொருளுக்கு முழு உடைமையாளர் ஆக்குதல் என்பது அதன் பொருள். ஹனஃபி மத்ஹபின் அறிஞர்கள் இதனை வலியுறுத்துகின்றனர். ஏழையின் கையில் சேர்ந்த பின் அது ஏழையின் பொருள். அதனை எவ்வாறு செலவிட வேண்டும் என்று கூறும் அதிகாரம் கொடுத்தவர்க்கு இல்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வகுக்கப்பட்ட இந்நெறியின் உட்பொருள், இன்று உலக அவையில் பேசப்படும் தேர்வுரிமையின் உட்பொருளே ஆகும். அவ்வாறிருக்க, மேடை அமைத்து, வரிசையில் நிறுத்தி, ஒளிப்படம் எடுத்து, அவர் கேளாத பொருளை அவர் மடியில் வைப்பது அந்நெறிக்குப் பொருந்துமா என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் நன்று.

செய்ய வேண்டுவன

தமிழ்நாட்டில் நன்முயற்சிகள் இல்லாமலில்லை. உலக வங்கியின் துணையோடு 1,763 கோடி ரூபாய் மதிப்பில் 'உரிமைகள்' திட்டம் நடைபெறுகிறது. அதன் கீழ் 'விழுதுகள்' என்னும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் அமைகின்றன. 2025 ஏப்ரலில் நம் சட்டமன்றம், உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க வகைசெய்யும் திருத்தங்களை நிறைவேற்றியது. ஊராட்சி, நகராட்சி அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 13,000க்கு மேற்பட்டோர்க்கு இதனால் இடம் கிடைக்கும் என்று அரசு அறிவித்தது. வரலாற்றுச் சிறப்புடைய செயல் இது. எனினும் நியமனம் என்பது தேர்தல் அன்று. வேண்டியவரை நியமித்து, தலையசைக்க வைக்கும் சடங்காக இது தேய்ந்துவிடாமல் காப்பது நம் அனைவர் பொறுப்பும் ஆகும். அவ்வுறுப்பினர் ஊராட்சி மன்றக் கட்டடத்தின் படியில் ஏற இயலாமல் வெளியில் காத்திருப்பாராயின், சட்டம் இயற்றியும் பயனில்லை.

இவற்றோடு மேலும் சிலவற்றை நாம் வேண்டுகிறோம். உதவிப் பொருள் எதுவாயினும், உரியவரைக் கேட்டு, அளவெடுத்து, அவர் தேர்ந்ததையே தருதல் வேண்டும். 'வேண்டா' என்று கூறுபவர்க்கு அதன் மதிப்பை வேறு வகையில் பெறும் வழி இருத்தல் வேண்டும். இல்லத்தில் சேர்த்துப் பராமரிக்கச் செலவிடும் தொகையை, தம் வீட்டிலேயே வாழ விரும்புவோர்க்கு உதவியாளர் அமர்த்தத் தருதல் வேண்டும். மையங்களையும் இல்லங்களையும் மேற்பார்வையிடும் குழுக்களில் அங்கு வாழ்வோரே பாதிக்கு மேல் இடம்பெறுதல் வேண்டும்.

கல்லூரிகளாகிய நாமும் நம் வாயிலிலிருந்தே தொடங்க வேண்டும். வகுப்பறையை மாடியில் வைத்துவிட்டு, 'நண்பர்கள் தூக்கிச் செல்வார்கள்' என்று கூறுவது அன்பு போலத் தோன்றும்; ஆயினும் அஃது ஒருவரைச் சுமையாக்கும் செயலே. அம்மாணவரின் வகுப்பைக் கீழ்த்தளத்திற்கு மாற்றுவது ஒரு நாள் வேலை. விடுதியில் எந்த அறை, தேர்வில் எந்த எழுதுபவர், நூலகத்தில் ஒலிநூலா புடையெழுத்தா என்பவற்றை ஆண்டுத் தொடக்கத்திலேயே அம்மாணவரிடமே கேட்டு எழுதிக்கொள்வது ஒரு மணி நேர வேலை. மாணவ நண்பர்களே, உங்கள் அருகில் அமர்ந்திருப்பவருக்கு உதவ நீங்கள் விரைவதில் மகிழ்ச்சி. கையைப் பிடிக்கும் முன் ஒரு சொல் கேளுங்கள். அவர் வேண்டா என்றால் வருந்தாமல் விலகுங்கள். அவர் வேண்டும் என்றால் அவர் காட்டும் திசையில் நடங்கள்.

உதவி பெறுவதனால் ஒருவர் தம் விருப்பத்தை அடகு வைத்தவராகார். பொதுப்பணம் எவருடைய கருணையும் அன்று. அதில் அவர்க்கும் பங்குண்டு. அப்பங்கைத் தருவது அரசின் கடன். அதனைக் கொண்டு எவ்வாறு வாழ்வது என்று தேர்வது அவர்தம் உரிமை. இவ்வுரிமை வல்லக்கோட்டையின் சிறுதெருவில் வாழும் கடைசி மனிதர் வரையிலும் சென்று சேரும் நாளை விரைந்து கொணர, கற்றோரும் பெரியோரும் ஒன்றுபட்டு ஆவன செய்வோமாக!